பொம்மைக்கு வந்த புற்று

உலகத்திலுள்ள புற்றுநோய் ஆராய்ச்சிக் கூடங்களையெல்லாம் இழுத்துப் பூட்டிச் சாவியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று அந்த ஊரே முடிவு கட்டியிருந்தது. நுண்ணோக்கி எதற்கு? எலி எதற்கு? ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும் மருத்துவர்கள் எதற்கு? கடைத்தெரு முனையில், படம் ஓடாமல் மூடிக்கிடந்த பழைய திரையரங்கில் ஒரு மனிதர் வெறுங்கையை நீட்டியே புற்றுநோயைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் அனற்கையார். பெற்றவர்கள் வைத்ததல்ல; சுவரொட்டி அச்சிட்டபோது வந்து சேர்ந்தது. மக்கள் அன்பு மிகுந்து அதையும் சுருக்கிக் ‘கையார்’ ஆக்கிவிட்டார்கள். இதற்கு முந்தைய பிறவியில், அதாவது சில ஆண்டுகளுக்கு முன்பு, அவர் வீடு வீடாகப் போய் வெந்நீர்க் கருவிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். சூட்டைப் பற்றிய அவருடைய படிப்பு அங்கே தொடங்கி அங்கேயே முடிந்தது.

கையாரின் தத்துவம் குழந்தைக்கும் புரியும். புற்றுநோய் என்பது உடம்புக்குள் தேங்கிப்போன சூடு. அந்தச் சூடு கையாரின் உள்ளங்கைக்குத் தெரியும். நோயாளியைப் பார்க்க வேண்டியதில்லை. பார்த்தால் இரக்கம் வந்து கை குளிர்ந்துவிடும். ஆகவே மேடைக்குக் குறுக்கே ஒரு வெள்ளைத் திரை. திரைக்குப் பின்னால் நோயாளி, முன்னால் கையார். அவர் கையை நீட்டுவார், கண்ணை மூடுவார், லேசாக நடுங்குவார், பிறகு சொல்வார்: “நுரையீரல்.” அல்லது “வயிறு.” அல்லது “மார்பு.” திரைக்குப் பின்னாலிருந்து விம்மல் கேட்கும். சொன்னது அப்படியே சரியாக இருக்கும்.

அதற்குப் பிறகு சூட்டை இழுப்பார். காணிக்கை என்று ஒரு காசுகூடக் கேட்கமாட்டார். பெரிய மனசு. வெளிவாசலில் செப்புத் தகடு மட்டும் விற்பார்கள். உடம்பில் மிச்சமிருக்கும் சூட்டை அந்தத் தகடு வாங்கிக்கொள்ளும். வாங்கி நிரம்பிவிட்டால் வேறு தகடு வாங்க வேண்டும். தகடு எப்போது நிரம்பும் என்பது தகடு விற்பவருக்கு மட்டுமே தெரியும்.

குணமானவர்களுக்குக் குறைவில்லை. ஒரு மளிகைக்கடைக்காரர் தமக்கு வயிற்றில் புற்று இருந்ததென்றும் கையார் அதை உருவி எறிந்துவிட்டாரென்றும் ஒலிபெருக்கியில் சொல்லி அழுதார். புற்று இருந்ததென்று யார் சொன்னது? கையார். போய்விட்டது என்று யார் சொன்னது? அதுவும் கையார். மளிகைக்கடைக்காரருக்கு இருந்தது வாயு. இல்லாத நோயைக் குணப்படுத்துவதில் கையார் ஒருநாளும் தோற்றதில்லை. நிஜமாகவே நோய் இருந்தவர்கள் கொஞ்ச நாள் வந்தார்கள், பிறகு வரவில்லை. வராதவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இறந்துபோனவர்கள் ஒலிபெருக்கியில் பேசும் வழக்கம் எங்கும் கிடையாது.

அதே ஊரில் பெரிய மருத்துவமனையில் ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். புற்றுக்கட்டி எடுப்பதுதான் அவர் வேலை. பெண்களால் மணிக்கணக்கில் நின்று அறுவை செய்ய முடியாது என்று படிக்கும் காலத்தில் அவருக்குச் சொன்ன பேராசிரியர் முதுகுவலியால் எப்போதோ உட்கார்ந்துவிட்டார். இவர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். அறுவை போக மீதி நேரத்தில் ஆராய்ச்சி. இந்தச் சிகிச்சை நல்லதா, அந்தச் சிகிச்சை நல்லதா என்று நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, யாருக்கு எது கிடைத்தது என்பதைக் கணக்குப் பார்ப்பவருக்கே தெரியாமல் மறைத்துவைத்து ஒப்பிடும் வேலை. இவ்வளவு பாடுபட்டும் அவரால் “நூற்றுக்கு நூறு குணம்” என்று சுவரொட்டி அடிக்க முடியவில்லை. கையாரோடு ஒப்பிட்டால் ரொம்பச் சுமாரான ஆள்தான்.

மருத்துவருக்கு ஓர் அண்ணன். காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. கை முறிந்தது என்று யாராவது இழப்பீடு கேட்டால், முறிந்த கை உங்களுடையதுதானா என்று சான்று கேட்கிற அளவுக்குச் சந்தேகப் பேர்வழி. அண்ணி பெண்களுக்கு உடை தைக்கும் கடை வைத்திருந்தார். கத்தரிக்கோலைப் போலவே அவர் நாக்குக்கும் கூர் அதிகம்.

அந்த அண்ணியின் மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. ஊசி வைத்துத் துணுக்கெடுத்துப் பார்த்தார்கள். புற்றுதான். ஆனால் சின்னது, இன்னும் எங்கும் பரவாதது. ஆரம்பத்திலேயே அகப்பட்டது என்று மருத்துவர்கள் மகிழ்கிற வகை. அறுவைக்கு நாள் குறித்தார்கள். சொந்த அண்ணிக்குத் தானே கத்தி வைக்கக்கூடாது என்பதால் உடன் வேலை பார்க்கும் இன்னொருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார் நாத்தனார்.

குறித்த நாளில் அண்ணி வரவில்லை. திரையரங்கில் இருந்தார்.

செய்தி தெரிந்ததும் மருத்துவர் நேரே தையல் கடைக்குப் போனார். அண்ணனும் அங்கேதான் இருந்தார், கழுத்தில் செப்புத் தகட்டோடு. நோய் இல்லாதவருக்கு எதற்குத் தகடு என்று கேட்டதற்கு, வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் தாவுமாம், முன்னெச்சரிக்கை என்றார். கட்டியைக் கத்தி தொடவேண்டியதில்லை, சூடு பாதியாகக் குறைந்துவிட்டதாகக் கையாரே சொல்லிவிட்டார் என்றும் சொன்னார். தங்கை ஸ்கேன் படத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை.

“அம்மாவையும் இப்படித்தான் படத்தைக் காட்டிக் கூட்டிட்டுப் போனாங்க,” என்றார். “நடந்து போனா. திரும்பி நடந்து வரல. கத்தி பட்டதாலதான் அது உடம்பெல்லாம் பரவிச்சு. நீ அப்ப சின்னப் பொண்ணு. நான்தான் கையெழுத்துப் போட்டேன்.”

மருத்துவருக்குக் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. அம்மாவின் கட்டி எலுமிச்சை அளவுக்கு வளர்கிறவரை, வெட்கப்பட்டு அவர் யாரிடமும் சொல்லாமல் இருந்தார். கத்தி வைப்பதற்கு முன்பே அது ஈரல்வரை போயிருந்தது. இதைத் தங்கை பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் காரணம் காதுக்குத்தான் போகும். கையெழுத்துப் போட்ட கைக்குப் போகாது.

அண்ணன் அலுவலகத்துக்குப் போனபிறகு அண்ணியிடம் தனியாகக் கேட்டார், நீங்களும் இதை நம்புகிறீர்களா என்று. அண்ணி ஊசியில் நூல் கோத்தபடியே பதில் சொன்னார்.

“முழுசா நம்பல. ஆனா கத்தி வேணாம்னு ஒருத்தர் சொல்றப்ப காது அந்தப் பக்கம்தான் போகுது. அதோட அந்தாளு என்னைப் பாக்காமயே மார்புன்னு சொன்னாரு. அது எப்படி?”

“திரைக்குப் பின்னால போறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது பேசினீங்களா அண்ணி?”

அண்ணியின் ஊசி நின்றது. பேசியிருந்தார். காத்திருக்கும் கூடத்தில் ஒரு பெண், கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே வலி, எப்போதிலிருந்து என்று உருக்கமாக விசாரித்தாள். எல்லோரும் அவளை ஆறுதல் அக்கா என்று கூப்பிட்டார்கள். மற்ற யாரும் அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. பெரிய மருத்துவமனை உட்பட. அந்தக் கடைசிச் சொல் மருத்துவருக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

மறுநாளே மருத்துவர் ஒரு பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டு திரையரங்குக்குப் போனார். ஆறுதல் அக்காவிடம் வயிறு எரிகிறது என்று முனகினார். அக்கா கண் கலங்கினாள். கலங்கிய கண்ணோடு மேடைக்குப் போய், நோயாளி உட்காரும் இடத்தைக் கைக்கு அடையாளம் காட்டுவதற்காக என்று திரையில் ஒரு துணிக் கிளிப்பை மாட்டினாள். பச்சை கிளிப். கையார் நடுங்கினார். “வயிறு.” அடுத்த ஆளுக்கு நீலக் கிளிப், நுரையீரல். அதற்கடுத்தது சிவப்பு, மார்பு. உள்ளங்கையின் ரகசியம் துணி உலர்த்தும் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதை அன்று மாலையே அண்ணனிடம் சொன்னார். தனக்கு வயிற்றில் ஒன்றுமே இல்லை, பொய்தான் சொன்னேன், அதையும் அந்த ஆள் கண்டுபிடித்துவிட்டார் பார் என்றார். இதைக் கேட்டுக் கையாரின் கோட்டை சரிந்திருக்க வேண்டும். அண்ணனின் முகம்தான் சரிந்தது. எழுந்து வந்து தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உனக்கே தெரியாம இருக்கோ என்னவோ. அவர் கை பொய் சொல்லாது. நாளைக்கே போய் ஸ்கேன் எடுத்துடு பாப்பா.”

இதுதான் இந்த வியாபாரத்தின் அழகு. கையார் சரியாகச் சொன்னால் அது சக்தி. தப்பாகச் சொன்னால் அது உங்களுக்கு இன்னும் தெரியாத நோய். உயிருள்ள எந்த மனிதரைக் கொண்டுபோய் நிறுத்தினாலும், உள்ளே ஏதோ ஒளிந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். வயிறு இல்லாத, நுரையீரல் இல்லாத, எதுவுமே உள்ளே இல்லாத ஓர் ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஆளுக்கு எங்கே போவது என்று அண்ணியிடம் அலுத்துக்கொண்டார்.

அண்ணி கடையின் மூலையைக் கண்ணால் காட்டினார். அங்கே புது உடை உடுத்திக்கொண்டு ஒருத்தி நின்றாள். தலையும் கையும் உண்டு. உள்ளே பஞ்சு.

“நம்ம கடையில ஒருத்தி சும்மாதான நிக்கிறா,” என்றார் அண்ணி. “இவளைக் கூட்டிட்டுப் போவோம். இவளுக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னா ஒருத்தரும் மறுக்க முடியாது. முகத்துல களையே இல்ல.”

அன்றைக்கு அண்ணி வெகுநாள் கழித்துச் சிரித்தார். சிரித்து முடித்தபிறகு நாத்தனாரிடம் ஒன்று கேட்டார்: உன் ஆராய்ச்சியெல்லாம் மட்டும் சரி என்று உனக்கு எப்படித் தெரியும்?

மருத்துவர் மழுப்பவில்லை. ஓர் அறுவைமுறை மிகச் சிறந்தது என்று தானே பல ஆண்டு நம்பி, அதற்காகச் சண்டைகூடப் போட்டதைச் சொன்னார். ஒப்பிட்டுப் பார்த்தபோது பழைய முறையைவிட அது ஒரு துளிகூட மேலில்லை என்று வந்தது.

“என்ன பண்ணினே?”

“ஒரு வாரம் யார்கூடவும் பேசல. அப்புறம் அதை விட்டுட்டேன்.”

அண்ணி தலையசைத்தார். வேறெந்த விளக்கமும் கேட்கவில்லை.

அடுத்த அமர்வுக்குத் திரையரங்கு நிரம்பி வழிந்தது. அண்ணன் தொண்டராகவே ஆகிவிட்டிருந்தார். மேடையோரம் நின்று வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு சக்கர நாற்காலி வந்தது. அதில் கம்பளி போர்த்தி, கம்பளிக் குல்லாய் மாட்டி, கறுப்புக் கண்ணாடி, முகக்கவசம், கையுறை சகிதம் ஒரு நோயாளி. தள்ளிக்கொண்டு வந்தவர் அண்ணி. பின்னால், முகம் தெரியாதபடி சால்வை போர்த்திய மருத்துவர். தூரத்துச் சொந்தக்காரி, பேச்சு நின்றுவிட்டது என்று அண்ணி கணவரிடம் சொன்னார். அவர் கூட்டத்தை விலக்கி வழிவிட்டார்.

ஆறுதல் அக்கா ஓடிவந்து குனிந்து, எங்கேம்மா வலிக்குது என்று பொம்மையைக் கேட்டாள். பொம்மை பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் அக்காவை உருக்கிவிட்டது. ரொம்ப ஒடிந்துபோயிருக்கிறார்கள் என்றாள். இருமல், மூச்சுத்திணறல் என்று அண்ணி எடுத்துக்கொடுத்தார். நல்லவேளையாக, நோயாளியை யாரும் தொடக்கூடாது, தொட்டால் சூடு கலைந்துவிடும் என்பது கையாரே போட்ட சட்டம். பொம்மைக்கு அதைவிடப் பாதுகாப்பு வேறில்லை.

நீலக் கிளிப் ஏறியது. கையார் கையை நீட்டினார். வழக்கத்தைவிட அதிகமாக நடுங்கினார்.

“நுரையீரல்,” என்றார். “ரெண்டு பக்கமும். மருத்துவமனைக்காரங்க கைவிட்ட கேஸ் இது.”

கூட்டம் பெருமூச்சு விட்டது. கையார் சூட்டை இழுத்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது. இழுத்து முடித்து, சூடு இறங்கிவிட்டது, இப்போது இந்த அம்மா நன்றாக மூச்சு விடுகிறார், எனக்கே கேட்கிறது என்றார்.

அப்போது மருத்துவர் சால்வையை எடுத்துவிட்டு முன்னால் வர, அண்ணி திரையை விலக்கினார். குல்லாயைக் கழற்றினார், கண்ணாடியைக் கழற்றினார், கம்பளியை உருவினார். தையல் கடைப் பொம்மை சபையைப் பார்த்தது. மூச்சு மட்டும் விடவில்லை.

சிரிப்பு எழுந்திருக்க வேண்டிய இடம். முன்வரிசையில் நாலைந்து பேர் சிரிக்கவும் செய்தார்கள். ஆனால் வெந்நீர்க் கருவி வெடிக்கப் பார்த்த வீடுகளிலிருந்தெல்லாம் கூலி வாங்கிக்கொண்டு வந்தவர் கையார். அவ்வளவு லேசில் அசைவாரா? கையைக் கூப்பி, இந்தப் பொம்மை யார் கடையில் நிற்கிறதோ அவர்களின் நோயைத் தன்மேல் வாங்கிக்கொண்டிருக்கிறது, தாம் உணர்ந்தது அந்தச் சூட்டைத்தான் என்றார். கூட்டம் யோசித்தது. அதாவது, தலையை ஆட்டியது. நோயை வாங்கிக்கொள்ளும் பொம்மை எங்கே கிடைக்கும் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் விசாரித்தார். ஆறுதல் அக்காவின் முகத்தில் அடுத்த வியாபாரம் பளிச்சிட்டது.

அண்ணன் மேடைமேல் ஏறினார். முகம் வெளிறியிருந்தது. மனைவியையும் தங்கையையும் அவர் திட்டப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் கையாரின் எதிரே போய் நின்றார்.

“ஐயா, எனக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு,” என்றார். “இவங்க வாயை அடைக்கணும். திரைக்குப் பின்னால ரெண்டு நாற்காலி போடறேன். ஒண்ணுல என் பொண்டாட்டி, ஒண்ணுல பொம்மை. நோய் எதுன்னு நீங்க சொல்ல வேணாம். உயிர் எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க.”

கை களைத்துவிட்டது என்றார் கையார். அவருடைய அடியார்களே விடவில்லை. சொல்லுங்க ஐயா, சொல்லி இந்த டாக்டரம்மாவை ஓட ஓட விரட்டுங்க என்று கத்தினார்கள். பக்தர்களிடம் அகப்பட்ட கடவுளைப்போல விழித்தார் கையார்.

மருத்துவர் இரண்டே விஷயம் கேட்டுக்கொண்டார். கிளிப் வேண்டாம், ஆறுதல் அக்கா கீழே வந்து உட்காரட்டும். அடுத்தது, யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தவர் எவரும் கையார் கண்ணில் படக்கூடாது. தெரிந்தவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும். எனவே உட்காரவைப்பது அண்ணன் ஒருவர்தான், அவரும் திரைக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். எனக்கும் தெரியக்கூடாது என்று சொல்லிவிட்டு மருத்துவர் சபையோடு போய் உட்கார்ந்துகொண்டார்.

கையார் கையை நீட்டினார். இடம், வலம், மறுபடி இடம். “வலது பக்கம்.” திரை விலகியது. வலது நாற்காலியில் அண்ணி.

அரங்கமே அதிர்ந்தது. அண்ணன் தங்கையைப் பார்த்த பார்வையில் வெற்றி இருந்தது. அதைவிட அதிகமாகக் கெஞ்சல் இருந்தது. மருத்துவர் அசையவில்லை. காசைச் சுண்டினால்கூடப் பாதி நேரம் சரியாக விழும், இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார்.

இரண்டாம் முறை கையாருக்குத் தெம்பு வந்திருந்தது. நடுங்கக்கூட இல்லை. “இதுவும் வலதுதான். உயிரோட்டம் நல்லாத் தெரியுது.” திரை விலகியது. வலது நாற்காலியில் பொம்மை, நல்ல உயிரோட்டத்தோடு.

கைதட்ட எழுந்த கைகள் பாதியில் நின்றன. திரை மறுபடி மூடியது. பின்னால் நாற்காலி ஒன்று தேய்கிற ஓசை. ஏதோ கிசுகிசுப்பு. பிறகு அண்ணனின் குரல், அவர் குரலே இல்லாத மாதிரி: “தயார். பாருங்க.”

கையார் பார்த்தார். கண்ணை இறுக மூடிப் பார்த்தார். நிஜமாகவே நடுங்கினார். கடைசியில் இடப்பக்கம் கையைக் காட்டி, இங்கேதான், இந்தமுறை சந்தேகமே இல்லை, இதயம் துடிப்பது உள்ளங்கையில் அடிக்கிறது என்றார்.

அண்ணனே திரையை இழுத்தார். இடது நாற்காலி காலி. வலது நாற்காலியும் காலி. பொம்மை தரையில் குப்புறக் கிடந்தது. மேடையின் கடைக்கோடியில், சுவரோரமாக, அண்ணி நின்றுகொண்டிருந்தார். அண்ணன் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கழுத்திலிருந்த செப்புத் தகட்டைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். எறியக்கூட இல்லை, வைத்தார்.

“உயிர் இங்க இருக்குங்க,” என்றார் கையாரிடம், மிகவும் மரியாதையாக. “நாளைக்கு இவளை ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

அதன்பிறகுதான் அரங்கம் சிரித்தது. ஒருவர் தொடங்கி, வரிசை வரிசையாக. சிரிக்காதவர்களும் இருந்தார்கள். தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையோ நினைத்து, தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்கள். கையார் மேடையின் பின்வாசல் வழியாக வெளியேறினார். வெளியேறும் வாசலை மட்டும் அவர் கை பிசகாமல் கண்டுபிடித்தது. சுகாதாரத் துறையினர் வந்து திரையரங்குக்குப் பூட்டுப் போட்டார்கள். இத்தனை நாள் எங்கே இருந்தார்கள் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

அண்ணிக்கு அறுவை நடந்தபோது, மருத்துவர் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார், அண்ணனுக்குப் பக்கத்தில். வெளியே உட்காருவது உள்ளே நிற்பதைவிடக் கடினம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். தள்ளிப்போட்டதில் கொஞ்சம் வளர்ந்திருந்தது, பரவவில்லை. மருந்தும் கதிர்வீச்சும் பாக்கி. முழுக்கப் போய்விட்டதா என்று அண்ணன் கேட்டார்.

“அதை இன்னிக்குச் சொல்ல முடியாது அண்ணா. தெரிஞ்சப்புறம் சொல்றேன். தெரியாததைச் சொல்ல மாட்டேன்.”

அண்ணன் தலையசைத்தார். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் முதல்முறையாக நம்பினார்.

கையார் இப்போது வேறோர் ஊரில் இருப்பதாகக் கேள்வி. அங்கே புற்றுநோய் என்பது உடம்பில் உறைந்த குளிராம். பெயரும் பனிக்கையார் ஆகிவிட்டதாம். நிற்க இடமில்லாத கூட்டமாம். உடம்பில் சூடு இருக்கிறதா, குளிர் இருக்கிறதா என்று பார்க்க வெப்பமானி போதும், எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். தலைக்குள் மூளை இருக்கிறதா என்று பார்க்கத்தான் கருவி இல்லை. அதை வைத்திருப்பவர்கள் எப்போதாவது வெளியே எடுத்துப் பயன்படுத்திக் காட்டினால் தவிர, வேறு எப்படித் தெரியும்?